சாலை மேற்பார்வையாளரின் ராஜ்ஜியம்

சண்டீகர் நகரத்தை வகுத்தளித்த ஸ்தபதி லெ கொர்பூசியே, அந்நகரத்தின் வருங்கால ஜனங்களுக்கென்று எழுதிவைத்த சாசனத்திலே, தனிமனிதர்களுக்குச் சிலை எடுக்கும் யுகம் முடிந்துவிட்டதென்றும், ஆகையால் நகரத்திலாயினும் அதன் பூங்காக்களிலாயினும் எவருக்கும் சிலை வைத்தலாகாதென்றும் ஒரு விதியைக் கண்டிருக்கிறார். சிலைக்கும் மாலைக்கும் பஞ்சமில்லாத இத்தேசத்தில் இப்படியொரு விதியை எழுதத் துணிந்தவரின் நெஞ்சுரத்தை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் அதே நகரத்தில், சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் கம்பீரமாக எழுந்து நிற்கும் முதலாம் செக்டாரிலேயே, அக்கட்டடங்களுக்கும் சுக்னா ஏரிக்கும் இடைப்பட்ட புதர்க்காட்டினுள், பொதுப்பணித் துறையின் சாலை மேற்பார்வையாளர் ஒருவர், பல ஆண்டுகள், வெளியுலகம் அறியாமல் கல்லையும் ஓட்டையும் உடைசலையும் கூட்டி ஒரு பெரும் சிலைக்கூட்டத்தையே சிருஷ்டித்துக்கொண்டிருந்தார். அச்சிலைகளில் எதுவும் எந்தத் தலைவருடையதும் அல்லவாகையால் சாசனம் மீறப்படவில்லை என்று சாமர்த்தியமுள்ள ஒரு வக்கீல் வாதிக்கக்கூடும். அவ்வாதத்தில் உண்மையும் இருக்கிறது.

அவர் பெயர் நேக் சந்த். 1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பஞ்சாபில் குர்தாஸ்பூர் ஜில்லாவைச் சேர்ந்த ஷகர்கர் தாலுகாவில், பேரியான் கலான் என்னும் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிற்றோடையின் கரையில் கிடைத்ததைக் கொண்டு பொம்மை செய்து விளையாடியதும், ராஜாக்களும் ராணிகளும் வாழ்ந்த பழைய ராஜ்ஜியங்களைப் பற்றித் தாயார் சொன்ன கதைகளைக் கேட்டு உறங்கியதுமே அவர் பெற்ற கலைப்பயிற்சி முழுவதும் என்று சொல்லிவிடலாம். சிற்ப சாஸ்திரம் வகுத்த தாலமானம் என்னும் உருவ அளவுகளை அவர் அறிந்ததில்லை. கலைக்கல்லூரியின் வாசற்படியை மிதித்ததுமில்லை. பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, தந்தையாரின் நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்த வாலிபரை, 1947-ஆம் ஆண்டின் தேசப்பிரிவினை வேரோடு பெயர்த்தது.

குர்தாஸ்பூர் ஜில்லாவின் கதை பிரிவினைச் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம். ஆங்கிலேய வக்கீல் ராட்கிளிஃப் வரைந்த எல்லைக்கோட்டின் விவரம், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17-ஆம் தேதிதான் வெளியாயிற்று. அந்த ஜில்லாவின் நான்கு தாலுகாக்களில் மூன்று இந்தியாவுக்கு வந்தன. ஒன்றே ஒன்று, நேக் சந்தின் ஷகர்கர், பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஒரே ஜில்லாவிற்குள் அண்டை அயலார் இருந்த இடத்திலேயே இருக்க, தாம் மட்டும் மூட்டை முடிச்சுடன் புறப்பட நேர்ந்த குடும்பங்களின் மனநிலையை நாம் ஊகிக்கத்தான் முடியும். வீடும் வயலும் கிணறும் ஓடையும் ஒரே நாளில் அந்நிய தேசமாகிவிட்ட அந்த அனுபவத்தைப் பற்றி இந்தச் சிற்பியின் கைவேலை பேசுவதாகவே நான் கருதுகிறேன்.

லாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இடம் தேர்ந்து, முதலில் ஆல்பர்ட் மேயர், மாத்யூ நொவிக்கி என்னும் இருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். நொவிக்கி 1950-ஆம் ஆண்டு விமான விபத்தில் மாண்டுபோகவே, 1951-இல் லெ கொர்பூசியே வந்து சேர்ந்தார். முதற்கட்டத்தில் 1,50,000 பேரும், முடிவில் 5,00,000 பேரும் குடியிருக்கத்தக்கதாக, நேர்கோட்டுச் சாலைகளாலும் செக்டார்களாலும் ஆன நகரம் எழுந்தது. ஜவஹர்லால் நேரு இந்நகரத்தைப் பழைய காலத்தின் தளைகளிலிருந்து விடுபட்ட புதிய இந்தியாவின் சின்னமாகக் கருதினார். அவர் அப்படிக் கருதியதில் பிழையொன்றுமில்லை. ஆனால் புதியதொன்று வெறும் நிலத்தில் முளைப்பதில்லை. அந்த வரைபடத்தின் வெள்ளைக் காகிதத்துக்கு அடியில் மெய்யான கிராமங்கள் இருந்தன: மண்சுவர்களும், மாமரங்களும், கிணற்றடிகளும், அவற்றை நம்பி வாழ்ந்த குடியானவர்களும் இருந்தார்கள். அவற்றை இடித்து நிரவித்தான் நகரம் எழுந்தது. ஊரை இழந்து வந்தவர்களுக்குத் தலைநகரம் சமைக்க மற்றும் சிலர் ஊரை இழந்தார்கள்.

இந்த நிர்மாணத்தில்தான் நேக் சந்துக்குச் சாலை மேற்பார்வையாளர் உத்தியோகம் கிடைத்தது. பகலெல்லாம் கொர்பூசியேயின் நேர்கோடுகளைத் தரையில் இறக்குவது அவர் தொழில். மாலையில் அலுவல் முடிந்தபின் சைக்கிளில் ஏறி, சிவாலிக் மலையிலிருந்து இறங்கும் காட்டாறுகளின் மணற்படுகைக்குப் போய்விடுவார். மழைக்காலத்தில் மட்டும் வெறிபிடித்துப் பாய்ந்து, மற்ற மாதங்களில் கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும் அவ்வோடைகளை அந்தப் பக்கத்து ஜனங்கள் ‘சோ’ என்பார்கள். சுக்னா சோவும், பாட்டியாலா கி ராவும், அப்பால் கக்கர் ஆறும் யுகயுகமாக உருட்டிக் கரைத்துக் குடைந்துவைத்த கற்களில் அவர் வேறெவரும் காணாததைக் கண்டார். இந்தக் கல்லில் ஒரு பறவை தலையைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கல்லில் முக்காடிட்ட ஒரு கிழவி குனிந்து நடக்கிறாள். மற்றொன்றில் ஒரு குரங்கு. வேறொன்றில் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒரு பிராணி. அவற்றை அவர் செதுக்கவில்லை. உளிபடாத அக்கற்களைச் சைக்கிளில் ஏற்றிப் பல மைல் மிதித்து வந்து, காட்டுக்குள் தாம் திருத்திய ஒரு சிறு இடத்தில், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவற்றின் உரு துலங்குமோ அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

இவ்விதம் ஏழு வருஷ காலம் போயிற்று. முதன்முதலில் தம் கையால் உருவங்கள் செய்ய அவர் தலைப்பட்டது 1965 வாக்கில். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த ஏழு ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டு, உடைந்த வளையல் பொம்மைகளுக்கு விரைந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அவரது கலைக்கு அஸ்திவாரம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதன் சிற்பியாவதற்கு முன் ஏழாண்டுகள் இயற்கையின் சிற்பங்களைப் பொறுக்கி அடுக்கும் வேலைக்காரனாக இருந்திருக்கிறான். வெள்ளமும் காற்றும் மணலும் உருவம் செய்யும் முறையைக் கண்ணால் பருகியிருக்கிறான். பிற்பாடு அவர் சிமெண்டில் வடித்த மனிதர்களின் முகங்களைப் பார்த்தால், மூக்கும் கண்ணும் கூர்மையாக வகிரப்படாமல், நீரில் உருண்டு தேய்ந்த கற்களின் மழுக்கத்தோடு இருப்பதைக் காணலாம். பயிற்சியின்மையால் வந்த குறை என்று அதைச் சொல்வார் உண்டு. ஓடைப்படுகையில் கற்ற பாடம் அது என்று சொல்வேன் நான்.

பொருள்களின் விஷயத்துக்கு வருவோம். இடிக்கப்பட்ட கிராமங்களிலும், வளர்ந்துகொண்டிருந்த நகரத்தின் குப்பைமேடுகளிலும் கிடந்ததெல்லாம் அவருக்கு மூலதனமாயிற்று. உடைந்த பீங்கான் தட்டும் கோப்பையும், கண்ணாடி வளையல் துண்டும், குளியலறைத் தொட்டிச் சில்லும், மின்சார சாக்கெட்டும் பியூஸ் கட்டையும், ஓட்டைத் தார் பீப்பாயும், வார்ப்படச் சாலைகள் கழித்துக் கொட்டிய கசடும், நாவிதர் கடையில் வெட்டி எறிந்த தலைமயிரும்கூட அங்கே வந்து சேர்ந்தன. பழைய சைக்கிளின் பாகங்கள் ஒன்றும் வீணாகவில்லை: முன்பக்கக் கவட்டுக் கம்பிகள் விலங்கின் கால்களாயின, உட்காரும் சீட்டு அதன் தலையாயிற்று. இரும்புக் கம்பியாலோ குழாயாலோ எலும்புக்கூடு கட்டி, அதன்மேல் காரையை அப்பி, ஈரம் உலருமுன் கடைசிப் பூச்சில் வளையல் துண்டுகளையோ பீங்கான் சில்லுகளையோ பதித்துவிடுவார். சில உருவங்களுக்குப் பதிப்பு வேலை இல்லாமல், சிமெண்டையே மழமழவென்று தேய்த்து விடுவார். கோணிச் சாக்குகளில் காரையை நிரப்பி அடுக்கினால், சாக்கு மக்கிப்போன பின்பும் அதன் நெசவும் மடிப்பும் சுவரில் பதிந்து நிற்கும். இரவு வேலைக்கு வெளிச்சம் வேண்டியபோது பழைய டயர்களைக் கொளுத்திக்கொண்டார்.

குப்பையிலிருந்து கலை என்று இதைப் புகழ்வது இந்நாளில் எளிது. சுற்றுச்சூழல் என்ற சொல் எல்லோர் நாவிலும் புரளும் காலம் இது. ஆனால் அவர் இதைத் தொடங்கிய காலத்தில் அப்படியொரு கொள்கை அவருக்கு முன்னால் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் கையில் உடைந்த வளையல், யாரோ ஒரு குடியானவன் உண்ட தட்டு, இடிந்த வீட்டின் ஓடு ஆகிய இவற்றையெல்லாம் அவர் பயனற்றவை என்று ஒதுக்க மறுத்தார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு வந்த ஒருவர், ஊரே இல்லாமல் போனவர்களின் வீட்டுச் சாமான்களுக்கு ஒரு புகலிடம் கட்டினார் என்று இதைக் கொண்டால் பொருத்தமாயிருக்கும். மேட்டுச் சரிவுகளில் தோளோடு தோள் நெருங்கி, நூற்றுக்கணக்கில் ஒரே திசையை நோக்கி நிற்கும் அந்த ஆண் பெண் உருவங்களைக் காண்பவர்களுக்கு, 1947-ஆம் ஆண்டில் எல்லையைக் கடந்து நடந்த நீண்ட மனித வரிசைகள் நினைவுக்கு வராமற் போகா. சிற்பி அவ்வாறு எண்ணிச் செய்தாரென்று நான் சாதிக்கவில்லை. தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்களும், வாத்தியக்காரரும், ஆட்டக்காரரும், குரங்கும் மயிலும் கரடியும் அங்கே சமமாக நிற்கின்றன. பீடத்தின்மேல் ஏறியவர் ஒருவருமில்லை. பழங்கதைகளின் ராஜ்ஜியம் ஒன்றைத்தான் அவர் கட்டப் புறப்பட்டார். கட்டி முடித்த ராஜ்ஜியத்தில் நிறைந்து நிற்பவர்களோ சாதாரண ஜனங்கள்.

இவ்வளவும் நடந்தது சர்க்கார் நிலத்தில், கட்டடம் எதுவும் எழும்பக்கூடாதென்று வரைபடம் விலக்கிவைத்த பசுமை வளையத்தில், சர்க்கார் ஊழியர் ஒருவரால். அகப்பட்டிருந்தால் உத்தியோகம் போவது நிச்சயம். அவர் கட்டியதெல்லாம் தரைமட்டமாவதும் நிச்சயம். அக்காலத்தில் சண்டீகரின் தலைமை ஸ்தபதியாக இருந்த எம். என். சர்மாவிடம் நேக் சந்த் தாமே சென்று காரியத்தை வெளியிட்டபோது, அவர் வந்து பார்த்துவிட்டு, காலம் வரும்வரை வெளியே சொல்லவேண்டாமென்று யோசனை கூறினார். கொர்பூசியேயின் வரைபடத்தைக் காக்கவேண்டிய பொறுப்பிலிருந்த அதிகாரி, அதை மீறிய ஒருவரின் வேலையைக் கண்டும் காணாததுபோல் இருந்தது சிறிய காரியமல்ல. நம் நாட்டில் அதிகாரிகளைப் பழிக்க ஆயிரம் சந்தர்ப்பங்கள் கிடைக்கின்றன. மௌனத்துக்காக ஒருவரைப் புகழும் சந்தர்ப்பம் அபூர்வமாகையால் இதைச் சற்று நின்று சொல்லுகிறேன்.

1970-களின் தொடக்கத்தில் மலேரியா ஒழிப்புக்காகப் புதர்களை வெட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்த ஒரு குழுவினர், கொசுவைத் தேடிப் போன இடத்தில் ஒரு மாயாலோகத்தைக் கண்டு திகைத்தார்கள். அதற்குள் அது ஒன்றோடொன்று தொடுத்த முற்றங்களாக, சுமார் 12 ஏக்கர் பரப்புக்கு விரிந்திருந்தது. செய்தி பரவவே, இடிப்பதா, விடுவதா என்ற விவாதம் எழுந்தது. நகரத்தின் நிலவனப்பு ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த எம். எஸ். ரந்தாவா, தாவர சாஸ்திரமும் காங்ரா சித்திரங்களும் நன்கு கற்றவர். பிரிவினையின் பிறகு கிழக்குப் பஞ்சாபில் அகதிகளைக் குடியமர்த்தும் பெரும்பணியை நடத்தியவரும் அவரே. ஸ்தபதிகளும் நகரத் திட்டக்காரர்களும் கைவைக்காமல், உள்ளது உள்ளபடியே அந்தக் கல்தோட்டம் காப்பாற்றப்படவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. 1976-ஆம் ஆண்டு ஜனவரியில் தோட்டம் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சட்டத்தை மீறிய சாலை மேற்பார்வையாளருக்கு, ‘ராக் கார்டன் உட்கோட்டப் பொறியாளர்’ என்றொரு புதுப்பதவியும், சம்பளமும், 50 தொழிலாளிகளும் கிடைத்தன. சர்க்கார் கோப்புகளில் இத்தகைய தண்டனை வேறு எங்கேனும் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

பிரான்சு தேசத்தில் ஓத்ரீவ் என்னும் கிராமத்துத் தபால்காரர் ஃபெர்டினான் ஷெவால் என்பவர், 1879-இல் வழியில் ஒரு கல் தடுக்கித் தடுமாறி, அந்தக் கல்லின் விசித்திர அழகில் மயங்கி, அன்றுமுதல் 33 ஆண்டுகள் கல் பொறுக்கித் தனியொருவராய் ஒரு மாளிகை கட்டினார். அவர் மாண்டது 1924 ஆகஸ்டில். நேக் சந்த் பிறந்தது அதே ஆண்டு டிசம்பரில். மறுபிறவியில் நம்பிக்கையுள்ளவர்கள் இதிலிருந்து என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளட்டும். எனக்கு அவ்விருவரிடையே உள்ள வேற்றுமைதான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஷெவால் கட்டியது ஒரு மனிதனின் கனவுக்கோட்டை. தமக்கென்று ஒரு கல்லறையையும் அவர் தம் கையாலேயே கட்டிவைத்தார். நேக் சந்தோ பிறர் வந்து நடமாடவும், கூடி உட்காரவும், விளையாடவும் கட்டினார். நுழைவாயில்களை வேண்டுமென்றே தாழ்வாக அமைத்தார். மந்திரியானாலும் நீதிபதியானாலும் தலைகுனிந்துதான் உள்ளே போகவேண்டும். குனிந்து நிமிர்ந்தால் எதிரே ஒரு முற்றம், அதைக் கடந்தால் ஓர் இடுக்கு வழி, திரும்பினால் அருவி. நகரத்துச் சாலைகளில் ஒருவன் தான் போகவேண்டிய இடத்தை ஒரு மைலுக்கு முன்பே பார்த்துவிடுகிறான். இங்கே பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. பகலில் நேர்கோடு போட்ட அதே கைதான் மாலையில் இந்த வளைவுகளையும் போட்டது.

பிற்காலத்தில் தோட்டம் 40 ஏக்கராகப் பெருகி, இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் சேர்ந்தன. மூன்றாம் பகுதியில் உயர்ந்த வளைவு மண்டபங்களும், அவற்றில் தொங்கும் ஊஞ்சல்களும் உண்டு. பெரியவர்களும் வெட்கத்தை விட்டு ஆடுகிறார்கள். அந்தக் குதூகலத்துக்கு நான் விரோதியல்ல. ஆனாலும், ஐம்பது பேரின் உழைப்பில் எழுந்த அவ்விஸ்தாரத்தில், தனியொருவர் டயர் வெளிச்சத்தில் கட்டிய முதற்பகுதியின் ஒடுக்கமும் அந்தரங்கமும் இல்லை என்பதை மறைப்பதற்கில்லை.

கீர்த்தி வந்தது. 1983-இல் தபால் தலை, 1984-இல் பத்மஸ்ரீ, அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகத்தில் ஒரு தோட்டம். அந்த வாஷிங்டன் தோட்டமும் 2004-இல் அருங்காட்சியகம் இடம் பெயர்ந்தபோது கலைக்கப்பட்டு, அதன் உருவங்கள் வேறு அருங்காட்சியகங்களைத் தேடிப் போயின. அகதியின் சிருஷ்டிகளுக்கும் அகதி வாழ்வு வாய்த்தது போலும்! சொந்த ஊரிலும் நிம்மதியில்லை. 1990 வாக்கில் உயர்நீதிமன்றத்துப் பக்கம் பெரிய மனிதர்களின் வண்டிகள் செல்லச் சாலை அமைக்க வேண்டுமென்று புல்டோசர்கள் வந்தன. நகர மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று அவற்றைத் திருப்பியனுப்பினார்கள். 1996-இல் அவர் வெளிநாடு சென்றிருந்த சமயத்தில், தொழிலாளிகள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட, காவலற்ற தோட்டத்தில் விஷமிகள் புகுந்து பல உருவங்களை உடைத்தார்கள். மறு ஆண்டு அவர் பெயரால் இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளை தோன்றி, பல தேசங்களிலிருந்து தொண்டர்களை அனுப்பத் தொடங்கியது. உடைந்ததை ஒட்டவும், புதியதைப் பதிக்கவும் வந்த அவர்களுக்கு முதியவர் தாமே கற்றுக்கொடுத்தார். 2015 ஜூன் 12-ஆம் தேதி, தமது 90-ஆம் வயதில், அவர் காலமானார். பத்தாண்டு கழியவில்லை; 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உயர்நீதிமன்றத்துச் சாலையை விரிவாக்கவும் வாகனங்கள் நிறுத்த இடம் காணவும் தோட்டத்து மதிலின் ஒரு பகுதியை இடித்தார்கள். ஜனங்கள் மறுபடியும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். மதில் என்னவோ தப்பவில்லை. முன்பு ஒருமுறை திருப்பியனுப்பப்பட்ட காரணமே முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து திரும்பி வந்திருக்கிறது.

சண்டீகர் நமக்குத் தூரம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மலம்புழை அணைக்குப் பொழுதுபோக்காகச் செல்பவர்கள், அங்கே வளையல் துண்டுகளாலும் உடைந்த ஓடுகளாலும் அமைந்த ஒரு கல்தோட்டத்தைப் பார்த்திருப்பார்கள். மலபார் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1955-இல், காமராஜர் திறந்துவைத்த அணை அது. தோட்டம் நேக் சந்தின் கைவண்ணம். அணைக்கட்டுப் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் செய்த யக்ஷியின் பிரம்மாண்டமான உருவத்தையே எல்லோரும் தேடிப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள் ஒரு மணி நேரத்தை இந்தத் தோட்டத்துக்கும் ஒதுக்கி, பதித்திருக்கும் சில்லுகளைக் கிட்டப் போய்ப் பார்க்கட்டும். அவை நம் பக்கத்து வீடுகளிலும் சமையலறைகளிலும் உடைந்த சாமான்களின் ஜாதிதான்.